“ஹோட்டல் காசு மிச்சம்”: யாருக்கு மிச்சம்?

“மோட்டர்ஹோம் எடுத்தால் ஹோட்டல் காசு மிச்சம்.” இந்த வசனம் இன்னொரு தரம் என் காதில் விழுந்தால் அதற்குப் பிறகு நடப்பதற்கு நான் பொறுப்பில்லை.

நியூசிலாந்து போய் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் எல்லாருக்கும் இது வாய்ப்பாடு. வெள்ளவத்தையில் எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியில் இருந்தாலும் மச்சாள் பக்கத்து மேசைக்குக் கேட்கிற மாதிரி ஆரம்பிப்பா: “அதுக்குள்ளயே கட்டில், அதுக்குள்ளயே குசினி, அதுக்குள்ளயே டொய்லெட். ஹோட்டலுக்கு ஒரு சதம் குடுக்கேல்ல. நாட்டை முழுக்கச் சுத்திப் பாத்திட்டு வந்திட்டம்.” நாங்கள் சுற்றியது தெற்குத் தீவை மட்டும்தான். அதிலும் பாதியை. நியூசிலாந்து இலங்கையைப் போல நாலு மடங்கு பெரிய நாடு. ஆனால் அதை விடுங்கள். பக்கத்து மேசை வாயைப் பிளந்து கேட்கும். எவ்வளவு வாடகை, எவ்வளவு குளிர், பால் என்ன விலை, எல்லாம் கேட்கும். ஓட்டினது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

எப்படிக் கேட்பார்கள்? எங்கட ஊரில் அது ஒரு கேள்வியா? நுவரெலியாவோ கதிர்காமமோ திருகோணமலையோ, எங்கே போனாலும் ஹயருக்கு ஒரு வான் பிடிப்போம். வானோடு ஓர் அண்ணை வருவார். விடியப்புறம் மூன்று மணிக்கு வாசலில் நிற்பார். சாமான் ஏற்றுவார், பாட்டுப் போடுவார், மலைவளைவெல்லாம் கண் கொட்டாமல் ஓட்டுவார். றம்பொடை நீர்வீழ்ச்சியில் நாங்கள் இறங்கிக் கும்பலாகப் படம் எடுக்கும்போது அவர் சீற்றைச் சாய்த்துவிட்டுப் பத்து நிமிடம் கண்ணயர்வார். சாப்பாடும் பாட்டாக் காசும் கொடுத்தால் கணக்கு முடிந்தது. அந்த அண்ணை எந்த அருவியைப் பார்த்தார், எந்தக் காற்றை அனுபவித்தார் என்று யோசித்த ஒரு குடும்பத்தை நான் இந்தக் கொழும்பில் கண்டதில்லை. பயணம் என்றால் ஏறி உட்காருவது, இறங்கிப் பார்ப்பது. நடுவில் வாகனம் தானாகப் போகும்.

இந்தப் பழக்கத்தைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு நியூசிலாந்துக்குப் போனோம். அங்கே வான்கார அண்ணை நான். பாட்டாவும் கிடையாது.

தம்பியிடம் மோட்டர் சைக்கிள் லைசன்ஸ் மட்டும். மச்சாள் பழகவே இல்லை. என் கணவர், இவரிடம் இருக்கிறது, ஆனால், “எனக்குப் பெரிய வாகனம் பழக்கமில்லை, நீர் நல்லா ஓட்டுவீர்தானே.” நான் என்னமோ துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிற ஆள் மாதிரி! நான் ஓட்டுவது ஒரு குட்டி வாகன் ஆர் கார். அதையும் பம்பலப்பிட்டிக்கும் தெஹிவளைக்கும் இடையில். “அங்கயும் இடது பக்கம்தானே அக்கா, காலி வீதியில ஓட்டினவளுக்கு அதெல்லாம் லேசு” என்று தம்பி சான்றிதழ் வேறு கொடுத்தான். காலி வீதியில் நான் போகிற வேகத்துக்கு ஒரு கிழவி குடையோடு நடந்து முந்திப் போவா. அங்கே நான் பிடித்திருந்தது ஆறு பேர் படுக்கிற, மூன்று மீற்றர் உயரப் பெட்டி. சாதாரணக் காருக்கு ஊர் தாண்டினால் மணிக்கு 100 வரை போகலாம். மூன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட வாகனத்துக்கு 90தான். பக்கக் காற்று ஒன்று அடித்தால் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிப் பிடிக்க வேண்டும். பின்னால் வாகனங்கள் சேர்ந்தால் இடப்பக்கம் ஒதுங்கி வழி விடுவது அந்த ஊர் முறை. நான் ஒதுங்கினால் உள்ளேயிருந்து குரல் வரும்: “ஏன் அக்கா எல்லாருக்கும் விடுறீங்கள்? எங்களுக்கு லேட்டாகுது.”

சரி, ஓட்டுகிறவள் என்று பெயர் எழுதியதோடு முடிந்ததா? சர்வதேச அனுமதிப்பத்திரத்துக்கு ஒட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோன் வாசலுக்கு அலைந்தது நான். வாகனம் எடுக்கிற கவுண்டரில், டெபொசிட் பிடிக்க ஓட்டுநரின் பெயரிலுள்ள கிரெடிட் கார்ட்தான் வேண்டும் என்றார்கள். வாகனத்துக்கு ஏதாவது ஆனால் முதல் ஐயாயிரம், ஏழாயிரம் டொலர் வரைக்கும் எடுத்தவர் தலையில். ஐயாயிரம் நியூசிலாந்து டொலர் என்றால் எங்கட காசில் எட்டு ஒன்பது லட்சம். அந்தத் தொகையைக் குறைக்க வேண்டுமானால் நாளுக்கு இவ்வளவு என்று மேலதிகமாகக் கட்ட வேண்டும். விளம்பரத்தில் கண்ட வாடகை ஒன்று, கவுண்டரில் கண்ட வாடகை இன்னொன்று. நான் கார்டை நீட்டுகிறேன், என் வயிறு கலங்குகிறது, பின்னால் இரண்டு ஆண்பிள்ளைகள் வாகனத்துக்குள் ஏறி எந்தக் கட்டில் யாருக்கு என்று சண்டை பிடிக்கிறார்கள்.

ஓடத் தொடங்கினால் சட்டம் ஒன்று உண்டு. எல்லாரும் சீற்றில் இருந்து பெல்ட் போட வேண்டும். சிறுபிள்ளைக்குத் தனி இருக்கை. எங்கட ஆட்களுக்கு வான் என்றால் வீடு. எழும்பி நடக்க வேண்டும், கடலைப் பொதி கைமாற வேண்டும். அம்மா லின்டிஸ் கணவாய் ஏற்றத்தில், “பிள்ளை, அந்த அடுப்பைப் பத்த வைச்சு ஒரு தேத்தண்ணி போடட்டே?” என்கிறா. அடுப்பு இருக்கிறதே, பிறகென்ன! கண்ணாடியில் பார்த்து நான் கத்த, “ஊருக்கு வந்தும் இவளுக்குக் கோபம்” என்று எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் மலைவளைவில் கியரோடு மல்லுக்கட்டுகிறேன், குற்றவாளியும் நானே.

இனித் தம்பியின் பட்டியலுக்கு வருவோம். கூகுள் வரைபடத்தில் விரலால் இழுத்துப் போட்ட பட்டியல். “குவீன்ஸ்டவுனில இருந்து மில்ஃபர்ட் சவுண்ட் 290 கிலோமீற்றர்தானே. யாழ்ப்பாணம் 400. காலமை போய்ப் பின்னேரம் திரும்பலாம்.” யாழ்ப்பாணத்துக்கு அவன் போவது இரவு பஸ்ஸில், போர்வை மூடிக்கொண்டு. இது சிறிய காருக்கே ஒரு பக்கம் நாலு மணித்தியாலப் பாதை. டெ அனாவ் என்கிற ஊரைத் தாண்டினால் கடைசி 120 கிலோமீற்றரில் நடுவில் எரிபொருள் கிடையாது, பெரும்பாலும் போன் சிக்னலும் கிடையாது. ஹோமர் சுரங்கம் என்று ஒன்று. 1935இல் வெட்டத் தொடங்கி 1954இல்தான் திறந்தார்களாம். 1.2 கிலோமீற்றர் நீளம், உள்ளே சரிவு, சுவரெல்லாம் கரும்பாறை. அதன் வாசலில் சிக்னல் விளக்குக்குக் காத்து நிற்கும்போது கியா என்கிற மலைக்கிளி வந்து மேலே ஏறிற்று. அந்தக் கிளிக்கு வாகனத்து றப்பர் என்றால் உயிர். கண்ணாடி ஓரத்து றப்பரைக் கொத்தி இழுக்கிறது. உள்ளே மருமகள் கைதட்டுகிறாள், மச்சாள் வீடியோ எடுக்கிறா, இவர் “என்ன வடிவான பறவை” என்கிறார். அது கொத்துவது என் டெபொசிட்டை.

மில்ஃபர்ட் என்பது மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த இடம். அங்கே கப்பல் ஏறினோம். இருபுறமும் செங்குத்து மலை, மழை பெய்து மேலிருந்து நூறு அருவி விழுந்ததாம். விழுந்ததாம் என்று சொல்வதற்குக் காரணம், விடிய முதலே எழும்பி ஓட்டி வந்த நான் உள்ளே ஜன்னலோர ஆசனத்தில் தலையைச் சாய்த்தவள், கப்பல் கரை சேரும்போதுதான் எழும்பினேன். எல்லாருடைய போனிலும் மைட்டர் சிகரம் இருக்கிறது. என் போனில் எரிபொருள் பில். உடனே திரும்ப நாலு மணித்தியாலம்.

மேற்குக் கரைப் பாதையிலும் அதே கதை. ஹாஸ்ட் ஆற்றுப் பாலம் 737 மீற்றர். ஒற்றை வழி. எதிரே வாகனம் வந்தால் ஒதுங்க நடுவில் இடம் விட்டிருக்கிறார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்முனையைப் பார்க்கிறேன். “அக்கா, அங்க பாருங்கோ, அங்க பாருங்கோ, ஆத்துத் தண்ணி நீலமா இருக்கு!” நான் பார்த்தால் ஆறு பேரும் நீலத் தண்ணிக்குள் போயிருப்போம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், ஒன்று பார்த்தேன். டெக்காபோ என்கிற ஏரிக்கரை ஊரில் வாகனத்தை நிறுத்தி, மின்சாரக் கம்பி செருகி, எல்லாரும் படுத்த பிறகு வெளியே வந்து நிமிர்ந்தேன். அந்தப் பகுதி 2012இலிருந்து இருள்வானக் காப்பகம். தெரு விளக்கின் வெளிச்சம்கூட மேலே போகாதபடி கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். கொழும்பில் பிறந்து வளர்ந்த எனக்கு வானத்தில் இத்தனை இருக்கும் என்று தெரியாது. கழுத்து நோகும்வரை நின்றிருப்பேன். கதவு திறந்தது. “ஹீட்டர் நிண்டிட்டுது, என்னெண்டு பாரும்.”

இப்போது அந்த மிச்சக் கணக்கு. வாகனத்துக்குள் படுக்கலாம்தான், கண்ட இடத்தில் நிறுத்தலாம் என்று யார் சொன்னது? உள்ளேயே கழிவறை பொருத்தி, சகல வசதியும் கொண்டது என்ற அத்தாட்சி இருந்தால்தான் உள்ளூராட்சிச் சபை விட்ட இடங்களில் இலவசமாகத் தங்கலாம். மீறினால் தண்டம். அந்த இடங்களும் பின்னேரமே நிரம்பிவிடும். மின்சாரம், வெந்நீர், உடுப்புத் தோய்க்க மெஷின் வேண்டுமென்றால் ஹொலிடே பார்க். அங்கே பல இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று காசு. டீசல் வாகனத்துக்குப் பாதை வரி தனி. சின்ன வாகனத்துக்கே ஆயிரம் கிலோமீற்றருக்கு 76 டொலர். வடக்குத் தீவுக்குத் தாண்டுவதானால் கப்பலில் வாகனத்தின் நீளத்துக்கேற்பக் கட்டணம். இதையெல்லாம் கூட்டினால் ஆறு பேர் ஏறுகிற கார் ஒன்றும் மோட்டலில் இரண்டு அறையும் அதே காசுக்குக் கிட்டத்தான் வரும். கூட்டிப் பார்க்கத்தான் எவருக்கும் நேரமில்லை.

கழிவறைக் கதையைச் சொல்லாமல் விடமாட்டேன். “அதுக்குள்ளயே டொய்லெட்” என்று மச்சாள் பெருமைப்படுகிறாவே, அதற்குக் கீழே ஒரு பெட்டி இருக்கிறது. அது நிரம்பும். நிரம்பினால் அதற்கென்று இருக்கிற டம்ப் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கவிழ்த்துக் கழுவ வேண்டும். அந்தப் பெட்டியின் வெளிக்கதவுக்குச் சாவி உண்டு. சாவிக்கொத்து ஓட்டுநரிடம். ஆகவே அதுவும் ஓட்டுநர் வேலையாம்! தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்தில் நின்று, “சாவி உங்களிட்டத்தானே அக்கா” என்றான். என்ன கண்டுபிடிப்பு.

இதெல்லாம் போகட்டும். கடைசியில் ஒரு முகாமில் பின்னுக்கு எடுக்கும்போது தம்பி இறங்கி, கொண்டக்டர் மாதிரிக் கையை ஆட்டி “வரட்டும், வரட்டும், ஹரி, ஹரி, ஹரி” என்றான். கண் நிலத்தில். மேலே ஒரு கிளை. கூரையோரம் கிழிந்தது. பல ஒப்பந்தங்களில் கூரைக்கும் அடிப்பகுதிக்கும் சாதாரணக் காப்புறுதி செல்லாது. எங்களுடையதிலும் அப்படியே. திருத்தச் செலவை என் கார்டில் பிடித்துக்கொண்டார்கள். அந்நியச் செலாவணிக் கட்டணம் என்று இங்கே வங்கி வேறு ஒரு துண்டு அறுத்தது. வாடகையும் டீசலும் வீட்டுக்குப் பாதி என்று பிரித்தோமே, இதையும் பிரிப்போம் என்றேன். தம்பி ஒரு நிமிடம் யோசித்தான். “அது நீங்க ஓட்டேக்க நடந்ததுதானே அக்கா.”

இவர் அந்த நேரம் பார்த்துப் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஆகவே மிச்சம் இரண்டு வீட்டுக்கும் பொது. நட்டம் ஓட்டினவளுக்கு. ஒரு வான்கார அண்ணையிடம் இப்படிச் சொல்லிப் பார்க்கட்டும், கண்டியிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார், அவருக்கு அந்த உரிமையாவது இருக்கிறது. எனக்கு அம்மாவும் அதே வாகனத்தில்.

இப்போது குடும்ப வட்ஸ்அப் குழுவில் அடுத்த வருசத்துக்கு ஐஸ்லாந்தாம். தீவைச் சுற்றி ஒரே வட்டப் பாதை, 1,300 கிலோமீற்றர் சொச்சம்தானாம், மோட்டர்ஹோம் எடுத்தால், ஆம், ஹோட்டல் காசு மிச்சமாம். அங்கே ஓட்டுவது வலது பக்கம். கதவைத் திறந்தால் காற்று அதை மடக்கி உடைக்கும், அதற்குக் காப்புறுதி கிடையாது என்று வாடகைக்காரர்களே எழுதிவைக்கிற ஊர். மணற்புயல் பெயின்ற்றைச் சுரண்டும், அதற்குத் தனிக் காப்புறுதி. தம்பி எல்லார் பெயருக்கும் பக்கத்தில் ஒரு பொறுப்பு எழுதியிருக்கிறான். மச்சாளுக்குப் படம். இவருக்குப் பாட்டு. அம்மாவுக்குச் சமையல் ஆலோசனை. தனக்கு வரைபடம். என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வான் படம்.

என் சர்வதேச அனுமதிப்பத்திரம் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அது முடிந்துவிட்டது. புதுப்பிக்கப் போவதில்லை என்று குழுவில் இன்று காலையில் போட்டேன். எல்லாரும் பார்த்துவிட்டார்கள், ஒருவரும் பதில் போடவில்லை. தம்பி மட்டும் தனியாக அழைத்து, இவர் பெரிய வாகனம் பழக எத்தனை நாள் எடுக்கும் என்று என்னிடம் கேட்கிறான். அதை அத்தானிடமே கேள் என்று வைத்துவிட்டேன்.