கட்டணம் இல்லை என்பது எல்லா ஊருக்கும் பொருந்தாது
“ஜெர்மனியில் இசைப் படிப்பு இலவசம், திறமை இருந்தால் போதும்” என்று உங்கள் கட்டுரை சொல்வது பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்துக்குப் பொருந்தாது. ஸ்டுட்கார்ட், ஃப்ரைபுர்க், மான்ஹைம், கார்ல்ஸ்ரூஹே, ட்ரோசிங்கன் என ஐந்து அரசு இசைக் கல்லூரிகள் அங்கே உள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களில் பெரும்பாலோருக்கு 2017-இல் அரையாண்டுப் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம் வந்துவிட்டது. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்கிறார். ஸ்டுட்கார்ட்டில் எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருந்த தென்கொரியப் பியானோ மாணவியைப் பார்த்தவள் நான், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தச் சின்ன அறையில் பியானோ வைக்க முடியாது. வைத்தாலும் இரவு 10 மணிக்கு மேல் வாசிக்க முடியாது, அக்கம்பக்கத்தார் விடமாட்டார்கள். அதனால் கல்லூரியின் பயிற்சி அறையை நம்பித்தான் அவள் நாள் முழுக்க ஓடியது. விடியும்போதே கிளம்பிப் போய் இடம் பிடிப்பாள். நடுவில் வேலைக்குப் போனால் அறை அடுத்தவர் கைக்குப் போய்விடும், பாவம். அப்புறம் நுழைவுத் தேர்வு. ஒரே கல்லூரியை நம்பி யாரும் விண்ணப்பிப்பதில்லை. ஊர் ஊராக நேரில் போய் வாசித்துக் காட்ட வேண்டும், ரயிலுக்கும் தங்குவதற்கும் காசு கரையும். பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோருக்காக இந்தச் செலவுகளையும் கட்டுரையில் சேருங்கள்.