கிளுவை வேலியும் தேவாங்கும்

ஒல்லியாக, முழி பெரிதாக ஒரு பிள்ளையைப் பார்த்தால் போதும், "தேவாங்கு மாதிரி இருக்கான்" என்று சொல்லிவிடுவோம். அப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலானோர் தேவாங்கைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒருமுறை பார்த்துவிட்டால் அதைத் திட்டுவதற்கு வாய் வராது.

நான் முதலில் பார்த்தது திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூர் பக்கம், மாமா தோட்டத்தில். எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போனபோது வேலியோரம் டார்ச் அடித்த மாமா, "அசையாம நில்லு மாப்ள" என்றார். வேலியாக வளர்ந்த கிளுவை மரங்களுக்குள் இரண்டு கங்குகள் மினுங்கின. உற்றுப் பார்த்ததும் உருவம் பிடிபட்டது. ஒரு சாண் உடம்பு, குச்சி குச்சியாகக் கைகால்கள், வால் கிடையாது. அவ்வளவு நேரம் எண்ணி எண்ணி அடி வைத்தது, திடீரென்று பின்னங்கால்களால் கிளையைப் பிடித்துக்கொண்டு இரண்டு கைகளையும் ஒன்றாக நீட்டி ஒரு பூச்சியைப் பறித்தது. மென்று முடிக்கிறவரை நாங்கள் மூச்சு விடவில்லை.

கால் கிலோ அளவே இருக்கும் இந்தச் சாம்பல்நிறத் தேவாங்கு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ள உயிர். கண் நோய்க்கு மருந்து, வசிய மை என்று சொல்லி இதைப் பிடித்துக் கொன்ற கதையெல்லாம் நம்மிடம் உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியோடு சேர்த்து முதல் அட்டவணையில் இருக்கிறது. 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்றே அமைந்த முதல் சரணாலயம். அன்றைக்கு எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் தேவாங்குக்குச் சரணாலயத்தின் எல்லைக்கல் தெரியாது. காட்டை ஒட்டிய தோட்டங்களிலும் அது வாழ்கிறது. குரங்கு மாதிரி மரத்துக்கு மரம் தாவ அதற்கு வராது. ஒரு கிளையை விடாமல் பிடித்துக்கொண்டே அடுத்த கிளையைப் பிடிக்க வேண்டும். கிளையோடு கிளை தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்குப் பாதை. நடுவில் நாலடி வெட்டவெளி வந்தாலும் தரையில் இறங்கியாக வேண்டும். இறங்கினால் நாய், இல்லையென்றால் வண்டிச் சக்கரம். தாய் குட்டியை ஒரு கிளையில் விட்டுவிட்டு இரை தேடப் போகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அது திரும்பி வருவதற்கும் அந்தக் கிளைவழி வேண்டுமே.

அந்த வழியைத்தான் நம் பாட்டன் பூட்டன் நட்டு வைத்த கிளுவை வேலியும், இடையிடையே நிற்கும் உசிலையும், சாலையோரப் புளியமரங்களும் கொடுத்துவந்தன. இன்று ரோட்டை அகலப்படுத்தப் புளியமரம் போகிறது. நிலத்தை அளந்ததும் கிளுவையை வேரோடு பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டுகிறோம். விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன். உயிர்வேலி இடத்தை அடைக்கும், வருஷாவருஷம் கழிக்க வேண்டும், அதற்கு ஆள் கிடைப்பதில்லை. அதெல்லாம் உண்மை. அதனால்தான் கேட்கிறேன், கம்பி வேலிக்கு மானியம் கொடுக்க முடிகிற நம்மால், கடவூர், அய்யலூர் சுற்றுவட்டாரத்தில் கிளுவை வேலியை விட்டு வைப்பவருக்கு ஒரு தொகை கொடுக்க முடியாதா? சாலையோர மரத்தை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், கிளைகள் சேரும் இடங்களில் ஓரிரண்டையாவது விடலாம். விட்டுப்போன இடத்தில் மரத்துக்கு மரம் கயிற்றுப்பாலம் கட்டலாம். பெரிய செலவில்லை. யானைக்கும் புலிக்கும் செய்கிறோம், இந்தச் சின்ன உயிருக்கும் செய்யலாமே.

போன வருஷம் மாமா தோட்டத்து வேலியில் ஓடைப்பக்கம் பத்தடி காய்ந்து விழுந்துவிட்டது. கம்பி கட்டிவிடலாம் என்றுதான் முதலில் சொன்னார். அப்புறம் அவரே மனம் மாறி, "கிளுவைப் போத்து வெட்டி வச்சிருக்கேன், மழைக்கு முன்னாடி வந்துரு மாப்ள" என்று போன் செய்திருக்கிறார். கிளுவைக்கு நாற்று வேண்டாம், போத்தை, அதாவது வெட்டிய கிளையை, ஊன்றினாலே வேர்விடும். இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் வருவதென்றால் சொல்லுங்கள், கடப்பாரை ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்று வேண்டும்.