டாட்ஜர்ஸ் கோப்பையைக் காசு மட்டுமா வாங்கிக் கொடுத்தது?

அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ், அதிலும் 2025 தொடர் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு வாதம் தவறாமல் வந்து நிற்கிறது. "டாட்ஜர்ஸ் காசைக் கொட்டி நட்சத்திரங்களை வாங்கினார்கள், ஜெயித்தார்கள், இதில் என்ன பெருமை?" லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் காசைக் கொட்டியது உண்மைதான். பேட்டிங், பந்துவீச்சு இரண்டும் செய்யும் ஒட்டானிக்கு 10 ஆண்டுக்கு 70 கோடி டாலர். பிட்சர் (பந்து வீசுபவர்) யமமோட்டோவுக்கு 12 ஆண்டுக்கு 32.5 கோடி டாலர். ஆனால் அந்த ஏழு ஆட்டங்களையும் உட்கார்ந்து பார்த்தவர் யாரும் இவ்வளவு சுலபமாகத் தீர்ப்பு எழுத மாட்டார்.

ரன்களைக் கூட்டிப் பாருங்கள். ஏழு ஆட்டத்திலும் சேர்த்து எதிரணி டொராண்டோ ப்ளூ ஜேஸ் எடுத்தது 34. டாட்ஜர்ஸ் எடுத்தது 26. எட்டு ரன் குறைவாக எடுத்த அணிதான் 4-3 என்று தொடரை ஜெயித்தது. நட்சத்திர பேட்டர்கள் அடித்து நொறுக்கியதால் வந்த வெற்றி என்று இதை எப்படிச் சொல்வது?

டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸையே எடுத்துக்கொள்வோம். 29 முறை பேட் பிடித்து 4 ஹிட் (அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸை எட்டுவது). அவ்வளவுதான். இதை வைத்து அவர் கதை முடிந்துவிட்டது என்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. பேஸ்பாலில் பத்துக்கு மூன்று முறை ஹிட் அடிப்பவரே பெரிய பேட்டர். பத்துக்கு ஏழு முறை தோற்பதுதான் அவர்கள் பிழைப்பு. அப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒரு வாரத்துக் கணக்கை வைத்து ஒருவரை எடை போட முடியாது. வலப்புற வெளிக்களமான ரைட் ஃபீல்டில் ஆறு கோல்ட் க்ளவ் (சிறந்த ஃபீல்டருக்கான விருது) வாங்கிய மனிதர், முப்பது வயதைத் தாண்டிய பிறகு அணிக்காக இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கு மாறினார். ஆடுகளத்திலேயே கஷ்டமான இடம் அது. ஏழாவது ஆட்டத்தின் கடைசிப் பந்தை எடுத்து, இரண்டாவது பேஸை மிதித்து, முதல் பேஸில் நின்ற ஃப்ரீமேனுக்கு வீசி டபுள் ப்ளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்) முடித்தவரும் அதே பெட்ஸ்தான். பேட்டிங் ஆவரேஜில் இது எங்கே பதிவாகும்?

நியூயார்க் யாங்கீஸ் பேட்டர் ஆரன் ஜட்ஜ் விஷயமும் இப்படித்தான். 2024 வேர்ல்ட் சீரிஸில் 18 முறைக்கு 4 ஹிட், அதோடு ஐந்தாவது ஆட்டத்தில் கைக்கு வந்த கேட்சைத் தவறவிட்டார். பெரிய ஆட்டத்தில் நடுங்குபவர் என்று முத்திரை குத்தினார்கள். அடுத்த வருஷ ப்ளே ஆஃபில் (சீசன் முடிந்ததும் வரும் நாக்அவுட் சுற்றுகள்) அவர் 26-க்கு 13. ஆனால் யாங்கீஸ் ப்ளூ ஜேஸிடம் தோற்று வெளியேறியது. ஒரு பேட்டர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் ஒன்பது பேரில் ஒருவர்தான், அவர் முறை வரும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

பிட்சர் அப்படி இல்லை. ஒவ்வொரு பந்தும் அவர் கையிலிருந்துதான் கிளம்புகிறது. அதனால்தான் இந்தக் கோப்பை யமமோட்டோவின் கோப்பை என்கிறேன். இரண்டாவது ஆட்டத்தில் ஒரே ரன் கொடுத்து, ஒரு முழு ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸும் தனியாக வீசினார். அதற்கு முந்தைய சுற்றில் மில்வாக்கி ப்ரூவர்ஸுடனும் முழு ஆட்டம் வீசியிருந்தார். ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து. மறுநாள் இரவே ஏழாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-4, ஒரு அவுட், ப்ளூ ஜேஸின் இரண்டு பேர் பேஸில். அப்போது அவரை அழைத்தார்கள்! வந்ததும் ப்ளூ ஜேஸ் பேட்டர் கர்க்கின் மேல் பந்து பட்டு பேஸ் மூன்றும் நிறைந்தன. ஒரு ரன் கொடுத்தால் எல்லாம் முடிந்தது. அடுத்து வார்ஷோ தரையில் அடித்த பந்தை டாட்ஜர்ஸின் ரோஹாஸ் தடுமாறியபடியே பிடித்து ஹோம் ப்ளேட்டுக்கு வீச, ரன் எடுக்க அங்கே ஓடிவந்தவர் மயிரிழையில் அவுட். கிளெமென்ட் தூக்கி அடித்ததை ஓடிவந்து பிடித்தார் டாட்ஜர்ஸின் பாஹெஸ். ஆட்டம் சமனாக நின்றதால் நீண்டது; அப்புறம் யமமோட்டோ பத்தாவதையும் பதினொன்றாவதையும் வீசி முடித்தார். ஒரே தொடரில் மூன்று வெற்றி. தொடரின் சிறந்த வீரருக்கான எம்விபி விருதை அவரைத் தவிர யாருக்குக் கொடுத்திருந்தாலும் அநியாயமாகியிருக்கும்.

காசு வாதம் பேசுகிறவர்கள் டேனர் ஸ்காட்டை ஏன் மறந்துவிடுகிறார்கள்? 4 ஆண்டுக்கு 7.2 கோடி டாலர் கொடுத்து ஆட்டத்தை முடித்துவைக்கக் கொண்டுவந்த பிட்சர். அந்த சீசனில் பத்து முறை கையிலிருந்த ஆட்டத்தைக் காப்பாற்ற முடியாமல் விட்டார். வேர்ல்ட் சீரிஸ் அணியிலேயே அவர் பெயர் இல்லை. ரிலீவர்களை (நடுவில் வந்து வீசுபவர்கள்) நம்ப முடியாததால்தான் ஸ்டார்ட்டரான (ஆட்டத்தைத் தொடங்கி வீசுபவர்) சசாகியைக் கடைசி இன்னிங்ஸ்களுக்கு இறக்கினார்கள். ஏழாவது ஆட்டத்தில் பந்து வீசிய ஆறு பேரும் அந்த சீசனில் ஸ்டார்ட்டராக ஆடியவர்கள். காசு கொடுத்து வாங்கிய இடத்தில் ஓட்டை விழுந்தது, அதை அடைத்தது ஸ்டார்ட்டர்களின் கைகள்.

அதே ஆட்டத்தில் மூன்றே நாள் ஓய்வில் ஒட்டானியை ஸ்டார்ட்டராக இறக்கியதற்கு டாட்ஜர்ஸ் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸைத் திட்டினார்கள். மூன்றாவது இன்னிங்ஸில் ப்ளூ ஜேஸின் பிஷெட் மூன்று ரன் ஹோம் ரன் அடித்ததும் திட்டு இன்னும் கூடியது. ஆனால் விதியைக் கவனிக்க வேண்டும். ஸ்டார்ட்டராக வந்தால் பந்துவீச்சை விட்ட பிறகும் ஒட்டானி டிஎச்சாக (பேட்டிங் மட்டும் செய்பவர்) பேட் செய்யலாம். நடுவில் ரிலீவராக வந்திருந்தால், அவர் பந்துவீச்சை விடும்போது அணிக்கு டிஎச்சே இல்லாமல் போகும். இருந்தது இந்த ஒரு வழிதான். ராபர்ட்ஸ் செய்தது சரி.

அந்த ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஆட்டத்தைச் சமன் செய்த ஹோம் ரன், பேட்டிங் வரிசையின் கடைசியான ஒன்பதாவது இடத்தில் பேட் செய்த மிகேல் ரோஹாஸுடையது. வயது 36. ஆறாவது ஆட்டத்தில்தான் மறுபடி ஆடும் அணிக்குள்ளேயே வந்திருந்தார். இதற்கு எந்த விலைப்பட்டியலில் பதில் இருக்கிறது?

என் கவலையெல்லாம் யமமோட்டோவின் தோளைப் பற்றித்தான். அடுத்தடுத்த இரவுகளில் 130 பந்து வீச வைப்பது கோப்பைக்காக ஒரே ஒரு முறை செய்யக்கூடியது, வழக்கமாக்கக் கூடாதது. உருப்படியான இரண்டு ரிலீவர்கள் இருந்திருந்தால் அந்த ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர் பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்திருப்பார். அடுத்த செலவை அங்கே செய்யட்டும், இன்னொரு பேட்டருக்கு வேண்டாம்.