வாட் அருண் சோழர் கட்டிய சிவன் கோயில் அன்று
பாங்காக்கில் சாவ்பிரயா ஆற்றின் மேற்குக் கரையில் நிற்கும் வாட் அருண், சோழர்கள் எழுப்பிப் பின்னர் பௌத்தர்கள் கைப்பற்றிய சிவன் கோயில் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறானது. தாய்லாந்தை அயுத்தியா அரசு ஆண்ட காலத்தில் இவ்விடத்தில் வாட் மகோக் என்னும் பௌத்த விகாரை இருந்தது. இன்றைய நடுக்கோபுரமோ, தாய்லாந்து மன்னர் இரண்டாம் ராமா தொடங்கிய பணியைத் தொடர்ந்து மூன்றாம் ராமாவின் ஆட்சியில் (1824–1851) உருப்பெற்றது. சோழப் பேரரசு 13ஆம் நூற்றாண்டிலேயே முடிந்துவிட்டது.

உச்சியிலுள்ள சூலமும், மாடங்களில் ஐராவதத்தின் மேல் வீற்றிருக்கும் இந்திரனும் குழப்பத்தை விளைவித்திருக்கலாம். ஆனால் பௌத்த மரபிலும் மேரு மலை உண்டு, அதன் உச்சியை ஆளும் இந்திரனும் உண்டு. இக்கோபுரம் அம்மலையின் வடிவமே. அருகில் சென்று பார்த்தால் சோழர் கருங்கல் அல்ல, செங்கல்லும் சாந்தும்தான். அவற்றின் மேல் சிப்பிகளும், பூவிதழ்களாக வெட்டிப் பதித்த சீனப் பீங்கான் துண்டுகளும்.