கட்டிக்குப் போய்ச் சேர்வது 0.7 சதவீதம்

மருந்தை மிக நுண்ணிய துகள்களில் ஏற்றி உடம்புக்குள் அனுப்பும் நானோ மருத்துவ ஆய்வில் இருப்பவர்களிடம் அறம் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வருகின்றன. "எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கிவிட்டோம்" என்பது ஒன்று. "எல்லா மருந்துக்கும் உள்ள கேள்விதானே, இதில் புதிதாக என்ன?" என்பது இன்னொன்று. துகள் உடம்பில் எங்கே தங்கும், நச்சாகுமா என்று கேட்டால் மட்டும் உண்மையான அக்கறையோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இந்தத் துறையின் ஆகப் பெரிய அறக்கேள்வி, அது நோயாளிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் வாக்குறுதிதான் என்று நினைக்கிறேன்.

அந்த வாக்குறுதியின் வேர் 1986இல் இருக்கிறது. புற்றுக்கட்டியின் ரத்தக் குழாய்களில் இடைவெளி அதிகம், அதன் வழியாகப் பெரிய மூலக்கூறுகள் கசிந்து கட்டிக்குள்ளேயே தங்கிவிடும் என்று ஜப்பானில் மட்சுமுராவும் மயேதாவும் எழுதினார்கள். அதன் பிறகு வந்த ஆயிரக்கணக்கான கட்டுரைகளின் முதல் பத்தி கிட்டத்தட்ட அதேதான்: நல்ல செல்லை விட்டுவிட்டு, கட்டியைத் தேடிப் போய்ச் சேரும் மருந்து.

2016இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் வாரன் சானின் குழு ஒரு காரியம் செய்தது. அதற்கு முந்தைய 10 ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைத் திரட்டி, செலுத்திய துகள்களில் எவ்வளவு உண்மையில் கட்டியை அடைந்தது என்று கணக்குப் போட்டார்கள். இடைநிலை அளவு 0.7 சதவீதம். ஆயிரத்துக்கு ஏழு. அதுவும் விலங்குகளில். மீதியில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன.

தங்கள் வயிற்றுப்பிழைப்பே நம்பியிருக்கும் ஒரு கருத்தைத் தாங்களே எண்ணிப் பார்த்து வெளியே சொன்னார்களே, இந்தத் துறையில் எனக்குத் தெரிந்த மிக நேர்மையான செயல் அது. எதிர்ப்பும் வந்தது. கணக்கிட்ட முறை சரியில்லை, சாதாரண கீமோ மருந்தும் கட்டிக்குள் கொஞ்சம்தான் போகிறது, நோயாளிக்குப் பலன் இருக்கிறதா என்று பாருங்கள் என்றார்கள். இதில் நியாயம் இருக்கிறது. 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சில் என்ற நானோ மருந்து, டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தை நுண்ணிய கொழுப்புக் கூட்டுக்குள் அடைத்து, அது இதயத்துக்குச் செய்யும் கேட்டைக் குறைத்தது. எத்தனையோ பேருக்கு அது பெரிய விஷயம். பதிலுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரியும் தொல்லை வந்தது. சரி, இதையே அப்படியே சொல்லலாமே! "இதயத்தை ஓரளவு காப்பாற்றும், கை கால் உரியலாம்" என்பது நேர்மையான வாக்கியம். "கட்டியை மட்டும் குறிபார்த்துத் தாக்கும்" என்பது அப்படி இல்லை.

என் பெரியம்மா கீமோவில் இருந்தபோது, அவருடைய மகன் ஒருநாள் நானோ மருந்து பற்றிய ஒரு பத்திரிகைச் செய்தியை அனுப்பி, "அண்ணே, இந்த நானோ மருந்து எப்போ வரும்? அதுவரைக்கும் அம்மாவுக்குக் கீமோவைத் தள்ளிப்போடலாமா?" என்று கேட்டான். எலி என்ற சொல் அந்தச் செய்தியில் நான்காவது பத்தியில்தான் இருந்தது. தள்ளிப்போடவே கூடாது என்று அவனுக்குப் புரியவைக்க நெடுநேரம் பேச வேண்டியிருந்தது. சொல்லித்தர ஆள் இல்லாத வீடுகளை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

இதைச் சொன்னால், "பத்திரிகைக்காரர்கள் ஊதிவிடுகிறார்கள்" என்பார்கள் ஆய்வாளர்கள். பிரிட்டனில் 20 பல்கலைக்கழகங்களின் மருத்துவச் செய்தி அறிக்கைகளை அலசி 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. விலங்காய்வு பற்றிய அறிக்கைகளில் 36 சதவீதம், மனிதருக்கும் பொருந்தும் என்று மிகைப்படுத்தியிருந்தன. பத்திரிகைக்குப் போகும் முன்பே, பல்கலைக்கழகத்திலிருந்து கிளம்பும்போதே ஊதல் தொடங்கிவிடுகிறது. பொதுவாக அந்த அறிக்கை ஆய்வாளரின் கண்ணில் பட்டுத்தான் வெளியே போகும்.

அப்புறம், யாருக்குக் கிடைக்கும் என்பது. 2011இல் ஓஹையோவில் ஒரே ஒரு ஆலை தடுமாறியதில் அமெரிக்காவில் டாக்சிலுக்கே காத்திருப்புப் பட்டியல் போட வேண்டி வந்தது. 2012இல் நம் சன் ஃபார்மா அதே வகையில் தயாரிக்கும் லிப்போடாக்ஸை இறக்குமதி செய்துதான் சமாளித்தார்கள். 2018இல் வந்த, ஓர் அரிய பரம்பரை நோய்க்கான ஆன்பாட்ரோ என்ற நானோ மருந்துக்கு ஆண்டுக்குச் சுமார் 4,50,000 டாலர் விலை வைத்தார்கள். விலையை நிர்ணயிப்பது ஆய்வாளர் கையில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாலு இடத்தில் மட்டுமே தயாரிக்க முடிகிற சிக்கலான துகளை வடிவமைப்பதா, எளிதானதையா என்பது ஆய்வுக்கூட மேசையிலேயே முடிவாகிறது.

இந்தியாவில் நானோ மருந்துகளை மதிப்பிட 2019இல் வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன. தரம், பாதுகாப்பு, செயல்திறன் பற்றியவை, தேவையானவைதான். என் எதிர்பார்ப்பு சின்னது. கட்டியை எத்தனை சதவீதம் அடைந்தது, கல்லீரலில் எத்தனை தங்கியது என்ற இரண்டு எண்களையும் ஒவ்வொரு கட்டுரையின் சுருக்கத்திலேயே போடுங்கள். செய்தி அறிக்கையின் முதல் வரியில் எலி என்று எழுதுங்கள். மருந்துப் பரிசோதனைக்கு வரும் நோயாளியிடம் நீட்டும் தமிழ் ஒப்புதல் படிவத்தில், "இந்தத் துகள்களில் பெரும்பகுதி உங்கள் கட்டிக்குப் போகாமல் போகலாம்" என்ற வரியை, கையெழுத்துக்கு நேர் மேலே, பெரிய எழுத்தில் வையுங்கள்.