ஆளவந்தான் கில் பில்லைப் பார்த்து எடுத்த படம் இல்லை

தம்பி, கமலின் ஆளவந்தானில் சண்டை நடுவே வரும் கார்ட்டூன், டரன்டினோ எடுத்த ஹாலிவுட் படமான கில் பில்லில் இருந்து சுட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. ஆளவந்தான் வந்தது 2001 நவம்பரில். கில் பில் முதல் பாகம் 2003 அக்டோபரில்தான் வந்தது. பிறகு வந்ததைப் பார்த்து முன்னால் எடுக்க ஏலாது.

கமல் எழுதிய 'தாயம்' கதைதான் படத்துக்கு அடி. சிறந்த ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. டரன்டினோ இதைப் பார்த்துத்தான் அந்த யோசனைக்கு வந்தார் என்று ஒரு கதை உலாவுகிறது. அதை நான் ஆதாரமாக எடுக்கவில்லை, ஆண்டுக்கணக்கே போதும்.

யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்தபின் 2002இல், அங்கே கொக்குவிலில் ஒரு வீட்டில், ஜெனரேட்டர் இரைச்சலுக்குள் கசெற்றில் பார்த்தேன். கமல் நடித்த மனநோயாளி நந்து வெறிகொண்டு பாயும் இடத்தில் திரை திடீரென்று கார்ட்டூனாக மாறியதும், பக்கத்தில் இருந்த மாமா கசெற் பழுதாகிவிட்டது என்று எழும்பிப் போய் ரிவியைத் தட்டினார். எனக்கோ உடம்பு சிலிர்த்தது. நந்துவுக்கு உலகம் அப்படித்தான் தெரிகிறது; அவன் மண்டைக்குள் நம்மை இருத்திவிடுகிறார்கள். கில் பில்லில் ஓ-ரென் இஷி என்ற வில்லியின் சிறுவயதைச் சொல்லத்தான் அனிமேஷன் வருகிறது, வேலையே வேறு.

படம் பிடிக்கவில்லை என்றால் சரி, அன்று எங்கள் வீட்டிலேயே பாதிப்பேருக்குப் பிடிக்கவில்லை. நீளம் கூட என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் களவு என்று மட்டும் எழுதாதீர்கள், அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.