ஆஸ்பத்திரியைவிட ஜெயிலுக்கே அதிகச் செலவா? தவறு

"தென்னாப்பிரிக்க அரசு ஆஸ்பத்திரிகளைவிட ஜெயில்களுக்கே அதிகம் கொட்டுகிறது" என்று டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. 2024/25 பட்ஜெட்டில் சுகாதாரத்துக்கு சுமார் 272 பில்லியன் ராண்ட். சிறைத்துறைக்கோ சுமார் 28 பில்லியன்தான். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் சுகாதாரச் செலவு மட்டுமே 50 பில்லியனைத் தாண்டும்!

ஆளுக்கு எவ்வளவு என்று பார்க்கும் தலைக்கணக்கில்தான் குளறுபடி. சிறைத் தொகையைச் சுமார் ஒன்றரை லட்சம் கைதிகளுக்கு வகுத்தால் ஆளுக்கு ஒன்றரை லட்சம் ராண்டுக்கு மேல் வரும். அதில் பெரும்பகுதி ஊழியர் சம்பளம், கைதியின் சாப்பாடு அல்ல. சுகாதாரத் தொகையை வகுப்பதோ ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காதவர்களையும் சேர்த்து, 6 கோடிப் பேருக்கு. ஆளுக்கு நாலாயிரத்துச் சொச்சம் வராமல் என்ன செய்யும்?

கைதிக்கு அரசுச் செலவில் சிகிச்சை தருவது சலுகையல்ல, அரசியலமைப்பின் 35-ஆம் பிரிவு. உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு என்ன ஒதுக்கினார்கள் என்று பார்க்க, மத்திய பட்ஜெட்டை விட்டுவிட்டு மாகாண பட்ஜெட்டைப் புரட்டுங்கள்.